கத்தி மழுங்காத சமையல்காரர்: ஆதித் தாவோயிசம் பற்றி வாசகர் கேள்விகள்

தாவோ (‘வழி’), லாவோட்சு, வூ வெய் (வலிந்து செய்யாமை) என்று வாசகர்கள் கேட்டவற்றில் ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்துத் தொகுத்திருக்கிறோம். சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும், சிலவற்றுக்குப் போதாது.

கேள்வி: தாவோயிசத்தை ஒருவர் தத்துவம் என்கிறார், ஒருவர் மதம் என்கிறார், இன்னொருவர் மூச்சுப்பயிற்சி என்கிறார். யாரை நம்புவது?

மூவரையும் நம்பலாம். ஆனால் மூவரும் வெவ்வேறு நூற்றாண்டுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். ‘ஆதித் தாவோயிசம்’ என்பது சீனாவில் ஏழு பெரிய அரசுகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தின் சரக்கு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் தொடங்கி கி.மு. 221-இல் முடிந்த அந்தக் காலத்துக்குப் ‘போரிடும் அரசுகள் காலம்’ என்றே பெயர். அதிலிருந்து நமக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு நூல்கள்: லாவோட்சு பெயரில் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’, சுவாங்ட்சு பெயரிலேயே வழங்கும் ‘சுவாங்ட்சு’.

இவற்றை எழுதியவர்கள் யாரும் தங்களைத் தாவோயிஸ்ட் என்று சொல்லிக்கொண்டதில்லை. பழைய சிந்தனையாளர்களை ஆறு பள்ளிகளாகப் பிரித்து, அதில் ஒன்றுக்குத் ‘தாவோ பள்ளி’ என்று பெயர் சூட்டியவர், பின்னால் சீனாவை ஆண்ட ஹான் வம்சத்தின் அரசவையில் இருந்த சிமா டான். அவர் இறந்தது கி.மு. 110-இல். கோயிலும் பூசாரிகளும் சடங்குகளும் கொண்ட அமைப்பு அதற்கும் பின்னால் வந்தது. கி.பி. 142-இல் சிச்சுவான் மலைப்பகுதியில், தெய்வ நிலைக்கு உயர்த்தப்பட்டுவிட்ட லாவோட்சு தனக்குக் காட்சி கொடுத்ததாக சாங் தாவோலிங் என்பவர் அறிவித்ததிலிருந்து அது வளர்ந்தது. நூல்களுக்கும் மதத்துக்கும் நடுவே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. பின்னதை வைத்து முன்னதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கேள்வி: லாவோட்சு என்று ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரா?

இந்தச் சந்தேகம் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. கி.மு. 100-ஐ ஒட்டி எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான் (மேலே சொன்ன சிமா டானின் மகன்) ஒரு வாழ்க்கைக் குறிப்பு தருகிறார். குடும்பப் பெயர் லி, இயற்பெயர் அர், சூ நாட்டுக்காரர், சோ அரசவையின் ஆவணக் காப்பாளர். கன்பூசியஸ் அவரைத் தேடிவந்து சடங்குகள் பற்றிக் கேட்டார். சோ அரசு சரிவதைப் பார்த்து மேற்கே கிளம்பியபோது எல்லைக் காவலர் கேட்டுக்கொண்டதால் ஐயாயிரம் எழுத்துகளில் ஒரு நூலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதே குறிப்பில் சிமா சியான் தொடர்ந்து எழுதுவதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. லாவோ லாய்ட்சு என்று இன்னொருவர் இருந்தார் என்கிறார்; கன்பூசியஸ் இறந்து நூறாண்டுக்கு மேல் கழித்து வாழ்ந்த டான் என்ற அரசவை வரலாற்றாளர்தான் லாவோட்சு என்று சிலர் சொல்வதாகவும் சிலர் மறுப்பதாகவும் எழுதி, உண்மை எது என்று உலகத்துக்குத் தெரியவில்லை என்று முடிக்கிறார். நேர்மையான மனிதர்.

ஆளை விட நூலைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியும். அதற்குக் காரணம் இரண்டு கல்லறைகள். 1973-இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய இரண்டு பிரதிகள் கிடைத்தன. இரண்டிலும் நூல் தலைகீழாக இருக்கிறது: நாம் இன்று இரண்டாம் பாகம் என்று படிக்கும் 38 முதல் 81 வரையிலான அத்தியாயங்கள் முதலிலும், 1 முதல் 37 வரை பின்னாலும். பேரரசரின் பெயரில் உள்ள எழுத்தை எழுதக் கூடாது என்பது அன்றைய வழக்கம். ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்கின் பெயரெழுத்து ஒரு பிரதியில் தாராளமாக வருகிறது, மற்றதில் தவிர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே முதலாவது அவர் பேரரசராவதற்கு முன்னும் மற்றது அதன் பின்னும் எழுதப்பட்டவை என்று கணிக்க முடிந்தது.

1993-இல் ஹூபெய் மாநிலத்தின் குவோடியனில் இன்னும் பழையது கிடைத்தது. ஏறத்தாழ கி.மு. 300. மூன்று கட்டுகளில் 71 மூங்கில் பட்டைகள், சுமார் இரண்டாயிரம் எழுத்துகள். இன்றைய 81 அத்தியாயங்களில் 31-இன் பகுதிகள் மட்டும், வேறு வரிசையில். புகழ்பெற்ற முதல் அத்தியாயம் அதில் இல்லை. 67 முதல் 81 வரை ஒன்றுகூட இல்லை. 64-ஆம் அத்தியாயத்தின் பின்பாதியோ இரண்டு கட்டுகளில் இரண்டு முறை வருகிறது. இதையெல்லாம் பார்க்கும்போது, ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதிய நூலாக இது தோன்றவில்லை. வாய்மொழியாகப் புழங்கிய வாக்குகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, அடுக்கப்பட்டு, திருத்தப்பட்ட தொகுப்பு என்றே ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள்.

கேள்வி: போகரும் லாவோட்சுவும் ஒருவரே என்கிறார்களே?

ஆதாரம் எதுவும் இல்லை. தாவோ தே ஜிங் வாக்குகள் கி.மு. 300 வாக்கில் மூங்கிலில் எழுதப்பட்டுவிட்டன. போகர் பெயரில் கிடைக்கும் பாடல்களின் தமிழ் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தையது.

கேள்வி: தாவோ தே ஜிங்கை எடுத்தேன். முதல் அத்தியாயத்திலேயே ‘சொல்லக்கூடிய தாவோ நிலையான தாவோ அல்ல’ என்கிறது. சொல்ல முடியாது என்றால் எதற்கு 81 அத்தியாயம்? எப்படித்தான் படிப்பது?

முதல் அத்தியாயத்தில் தொடங்குவதுதான் சிக்கலே. அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

நாங்கள் சொல்லும் வரிசை இது. முதலில் கைக்கு அகப்படும் பொருள்களைப் பேசும் அத்தியாயங்கள்: 8 (எவரும் வெறுக்கும் தாழ்வான இடத்துக்குப் போகும் நீர்), 11 (முப்பது ஆரங்கள் கூடும் குடத்தின் நடுவெற்றிடத்தால்தான் வண்டிச்சக்கரம் பயன்படுகிறது, பானைக்கும் அறைக்கும் அப்படியே), 76 (பிறக்கும்போது மென்மை, செத்தால் விறைப்பு). அடுத்து ஆட்சியாளருக்குச் சொன்னவை: 17, 57, 60. பின்பு 63, 64 இரண்டையும் சேர்த்து ஒரே அமர்வில். பிறகு 48, 67. இவ்வளவும் ஆன பின் 38. கடைசியில்தான் 1, 14, 25, 42 ஆகிய பேரண்டம் பேசும் அத்தியாயங்கள். மொத்த நூலையே இரண்டு மணி நேரத்தில் வாசித்துவிடலாம். அப்படி வாசித்தவர்களுக்குத்தான் எதுவும் தங்குவதில்லை. ஓர் அமர்வுக்கு மூன்று அத்தியாயம் போதும்.

வழக்கமாக நேரும் தவறு, ஒவ்வொரு வாக்கையும் தனிமனித மன அமைதிக்கான அறிவுரையாக எடுத்துக்கொள்வது. இந்நூலில் அடிக்கடி வரும் ‘ஞானி’ காட்டில் தவம் இருப்பவர் இல்லை, நாட்டை ஆள்பவர். ‘மக்கள்’, ‘நாடு’, ‘படை’, ‘வரி’ என்ற சொற்கள் வரும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். பாதி நூல் கண்முன்னே மாறிவிடும். போரிலும் வரியிலும் நாடு நாசமாகிக்கொண்டிருந்தபோது, எந்த அளவுக்குத் தலையிட்டால் எவ்வளவு கெடும் என்று கணக்குப் போட்டவர்களின் நூல் இது. அந்தக் கணக்கை விட்டுவிட்டால் அழகான வாசகங்கள் மட்டும் மிஞ்சும்.

இனி உங்கள் முதல் கேள்வி. சொல்லுக்கு எல்லை உண்டு என்பதே அந்த வாக்கு. பேசாதே என்ற தடை அதில் இல்லை. ‘இது அழகு’ என்று ஒன்றுக்குப் பெயர் வைத்த அடுத்த கணமே அசிங்கமும் பிறந்துவிடுகிறது என்று இரண்டாம் அத்தியாயம் தொடர்கிறது. பெயர் வைப்பது உலகத்தை வெட்டுவது. வெட்டாமல் வாழ முடியாது, வெட்டியதை மறந்துவிடாதே என்பது அதன் எச்சரிக்கை.

கேள்வி: தாவோ என்பது கடவுளா?

வேண்டினால் கேட்காது, தண்டிக்காது, விருப்பு வெறுப்பு கிடையாது. நான்காம் அத்தியாயம் அது ‘மேலுலக வேந்தனுக்கும் முந்தியது போலும்’ என்கிறது. 34-ஆம் அத்தியாயம், எல்லா உயிர்ப்பொருளையும் ஊட்டி வளர்த்தும் அவற்றுக்கு எசமானாக இருப்பதில்லை என்கிறது. பொருள்கள் தோன்றி, வளர்ந்து, திரும்பிப்போகும் போக்குக்குப் பெயர்தான் தாவோ. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த பங்கு, அதன் உள்ளார்ந்த ஆற்றல், ‘தே’. 25-ஆம் அத்தியாயத்தில் ஒரு படிவரிசை வருகிறது: மனிதர் மண்ணையும், மண் வானையும், வான் தாவோவையும் பின்பற்றுகின்றன, தாவோ பின்பற்றுவது ‘தானாக அப்படி இருப்பதை’. அதற்கு மேலே யாரும் இல்லை.

ஐந்தாம் அத்தியாயம் பலரை அதிரவைக்கும்: வானமும் பூமியும் கருணை காட்டுவதில்லை, எல்லாப் பொருளையும் வைக்கோல் நாய்களாக நடத்துகின்றன. வைக்கோல் நாய் என்பது சடங்குப் பொருள். படைக்கும் வரை பூவேலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். படைத்து முடிந்ததும் போகிறவர் வருகிறவர் மிதிப்பார்கள், அடுப்பெரிப்பவர் அள்ளிக்கொண்டு போவார். வெறுப்பும் இல்லை, பிரியமும் இல்லை, பருவம் முடிந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: வூ வெய் என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்கிறார்கள். சோம்பேறிக்குத் தத்துவப் பூச்சு பூசியதுபோல் இருக்கிறதே!

சுவாங்ட்சு மூன்றாம் அத்தியாயத்தில் டிங் என்ற சமையல்காரர் வருகிறார். அவர் மாட்டை வெட்டிப் பிரிப்பதைப் பார்த்து வென்ஹுய் பிரபு வியக்க, டிங் தன் தொழிலைப் படிப்படியாக விளக்குகிறார். தொடங்கிய காலத்தில் முழு மாடுதான் கண்ணில் பட்டதாம். மூன்று ஆண்டுக்குப் பின் முழு மாடு தெரிவதில்லை. இப்போது கண்ணால் பார்ப்பதில்லை, உள்ளுணர்வால் தொடுகிறார். சாதாரண சமையல்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், ஏனென்றால் எலும்பில் கொத்துகிறார். நல்ல சமையல்காரர் ஆண்டுக்கு ஒன்று, ஏனென்றால் சதையை அறுக்கிறார். டிங்கின் கத்திக்குப் பத்தொன்பது வயது. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பிரித்த பின்னும் சாணைக்கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல் இருக்கிறது. மூட்டுகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, கத்தி முனைக்குத் தடிமன் இல்லை. தடிமன் இல்லாததை இடைவெளிக்குள் விடுவதால் உலாவ இடம் தாராளமாக இருக்கிறது.

பெரும்பாலோர் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்து வருவதுதான் முக்கியம். நரம்பும் எலும்பும் பின்னிக் கிடக்கும் இடம் வந்தால், ‘இது கடினம்’ என்று அடையாளம் கண்டு எச்சரிக்கை ஆகிறார். பார்வை ஓரிடத்தில் நிலைக்கிறது, கை மெதுவாகிறது, கத்தி மயிரிழை அளவுதான் நகர்கிறது. பொத்தென்று மண்கட்டி உதிர்வதுபோல் பிரிந்து விழுகிறது. கத்தியைப் பிடித்தபடி நிமிர்ந்து சுற்றிலும் பார்த்து, துடைத்து, உறையில் வைக்கிறார். வூ வெய்யில் கவனம் கூடுகிறது, பலம்தான் குறைகிறது. பொருளின் இயல்பான வரியை அறியாதவர் பலத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார். கத்தி உடைவது அதனால்தான்.

சோம்பேறிக்கு இதில் இடமே இல்லை என்பதற்கு 19-ஆம் அத்தியாயத்தின் சிள்வண்டு பிடிப்பவர் சாட்சி. பசை தடவிய கோலால், தரையிலிருந்து பொறுக்குவதுபோல் வண்டுகளை எடுக்கும் கூனர் அவர். கன்பூசியஸ் வழி கேட்க, பயிற்சி முறையைச் சொல்கிறார். ஐந்தாறு மாதம் கோல் நுனியில் உருண்டைகளை அடுக்கிப் பழகுகிறார். இரண்டு உருண்டை விழாமல் நின்றால் தப்பும் வண்டுகள் கொஞ்சம்தான். மூன்று நின்றால் பத்தில் ஒன்று தப்பும். ஐந்து நின்றால் கையால் எடுப்பதுபோல். அதே அத்தியாயத்தில் மணித்தாங்கி செதுக்கும் சிங் என்ற தச்சர் வேலைக்கு முன் விரதம் இருக்கிறார். மூன்று நாளில் பரிசு, பதவி பற்றிய நினைப்பு போகிறது. ஐந்து நாளில் புகழ், இகழ், திறமை பற்றிய நினைப்பு போகிறது. ஏழாம் நாள் தனக்குக் கைகால் இருப்பதே மறக்கிறது. பிறகுதான் காட்டுக்குள் போய் மரத்தின் இயல்பைப் பார்க்கிறார். தாங்கி அந்த மரத்துக்குள்ளேயே தெரிந்தால் கை வைக்கிறார், தெரியாவிட்டால் விட்டுவிடுகிறார். கழிக்கும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கூலி, அடுத்து பெயர், கடைசியில் தான்.

இன்னொரு பாதி, தாவோ தே ஜிங் 64-இல் இருக்கிறது. அசையாதிருப்பதைப் பிடிப்பது எளிது, அறிகுறி தோன்றாததற்குத் திட்டமிடுவது எளிது, மெல்லியதை உடைப்பது எளிது. ஆகவே தோன்றும் முன்பே கவனி, குழம்பும் முன்பே ஒழுங்குபடுத்து. ஒன்றும் செய்யாதவர் இப்படிப் பேசமாட்டார். சிறிய தலையீட்டை மிக முன்னதாகச் செய்துவிட்டால் பெரிய தலையீடு தேவைப்படாது. மக்கள் காரியங்களை முடியும் தறுவாயில் கெடுத்துவிடுகிறார்கள், தொடக்கத்தில் இருந்த கவனம் இறுதியிலும் இருந்தால் கெடாது என்பதும் அங்கேயே வருகிறது.

கேள்வி: நம்முடைய ‘சும்மா இரு’ என்பதும் இதுவும் ஒன்றுதானே?

பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஒன்று என்று சொல்ல முடியாது. நம் மரபில் அது மனமும் சொல்லும் அடங்கி இறையோடு ஒன்றும் நிலையைக் குறிக்கிறது. வூ வெய்யில் மாடு பிரிபட வேண்டும், வண்டி ஓட வேண்டும், நாடு நடக்க வேண்டும்.

கேள்வி: ‘மக்களின் மனத்தைக் காலியாக்கு, வயிற்றை நிரப்பு’ என்று மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இது சர்வாதிகாரிக்கு எழுதிய கையேடு இல்லையா?

நியாயமான சந்தேகம், பூசி மெழுக வேண்டியதில்லை. 65-ஆம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையாக, பழைய காலத்தில் தாவோவைக் கையாண்டவர்கள் மக்களை அறிவாளி ஆக்கவில்லை, வெகுளியாக வைத்தார்கள் என்கிறது. ‘மனத்தைக் காலியாக்கு’ என்பதைத் தூண்டிவிட்ட ஆசைகளைக் குறை என்று படிக்கும் உரைகள் உண்டு. அரிய பொருள்களுக்கு மதிப்புக் கூட்டாதே, திருடர் உருவாக மாட்டார்கள் என்ற வரி பக்கத்திலேயே இருப்பதால் அந்த வாசிப்புக்கு இடமும் இருக்கிறது. ஆனால் வேறுவிதமாகவும் படித்திருக்கிறார்கள். இந்நூலுக்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய உரையை எழுதியவர் ஹான் ஃபெய், கி.மு. 233-இல் இறந்த கடுஞ்சட்டவாதி. பெரிய நாட்டை ஆள்வது சிறு மீனைச் சமைப்பது போன்றது என்ற 60-ஆம் அத்தியாய வாக்குக்கு, அடிக்கடி கிளறினால் மீன் சிதையும், அடிக்கடி சட்டத்தை மாற்றினால் மக்கள் வதைபடுவார்கள் என்று அவர் தரும் விளக்கம் நன்றாகவே இருக்கிறது. அதே மனிதர், அரசன் தன் எண்ணத்தைக் காட்டாமல் ஒளிந்திருந்து பரிசையும் தண்டனையையும் மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கும் இதே தத்துவத்தைத் துணைக்கு அழைத்தார்.

நடைமுறையில் என்ன ஆனது என்று பார்ப்பது பயன்தரும். ஹான் வம்சத்தின் முதல் அறுபது எழுபது ஆண்டுகள் இந்தக் கொள்கையின் சோதனைக்களம். கி.மு. 193-இல் தலைமை அமைச்சரான சாவோ ஷென், முன்னவர் சியாவோ ஹே வகுத்த விதிகளில் ஒன்றையும் மாற்றவில்லை. புதிய யோசனையோடு வரும் அதிகாரிகளுக்கு அவர்கள் வாய் திறக்கும் முன் மதுவை ஊற்றி, போதை ஏறும் வரை ஊற்றிக்கொண்டே இருந்து, பேசவிடாமல் அனுப்பிவிடுவார். இளம் பேரரசர் கோபித்துக்கொண்டபோது, ‘உங்கள் தந்தையை விட நீங்கள் மேலானவரா? சியாவோ ஹேயை விட நான் மேலானவனா?’ என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றே பதில். ‘அப்படியானால் அவர்கள் வகுத்ததைக் காப்பாற்றினால் போதாதா?’ என்றார். சில ஆண்டுகள் கழித்து வந்த வென் பேரரசர் (கி.மு. 180–157) உடலுறுப்பை வெட்டும் தண்டனைகளை கி.மு. 167-இல் நீக்கினார். அவர் மகன் ஜிங் கி.மு. 156-இல் நிலவரியை விளைச்சலில் முப்பதில் ஒரு பங்காக வைத்தார். நீண்ட போர்களால் சிதைந்த நாடு தேறியது.

கெட்டதும் அதே காரணத்தால்தான். வென் பேரரசர் கி.மு. 175-இல் தனியார் நாணயம் வார்க்கும் தடையைத் தளர்த்தினார். வூ பகுதியை ஆண்ட உறவினர் லியூ பி, தன் பகுதியின் செம்புமலையிலிருந்து காசு வார்த்தும் கடல்நீரில் உப்புக் காய்ச்சியும் செல்வம் குவித்து, மக்களிடம் தலைவரியே வாங்காமல் பேர் சம்பாதித்தார். மைய அரசு பார்த்துக்கொண்டே இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்தச் சிற்றரசுகளின் நிலத்தைத் திடீரென்று வெட்டிக் குறைக்கப் போனபோது, கி.மு. 154-இல் ஏழு சிற்றரசர்கள் சேர்ந்து கலகம் செய்தார்கள். மூன்று மாதத்தில் அடக்கப்பட்டது, நிறைய இரத்தம் சிந்தியது. 60-ஆம் அத்தியாயத்தைப் படித்தவர்கள் 64-ஐ மறந்துவிட்டார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேள்வி: கன்பூசியஸை லாவோட்சு ஏன் அவ்வளவு தாக்குகிறார்?

நாம் நினைத்த அளவுக்குத் தாக்கவில்லை போலிருக்கிறது. இன்றைய நூலின் 19-ஆம் அத்தியாயம் ‘மனிதநேயத்தை ஒழி, நீதியைத் தூக்கி எறி’ என்கிறது. இரண்டும் கன்பூசியர்களின் தலையாய அறங்கள். குவோடியன் மூங்கிலில் அந்த இடத்தில் இருப்பது போலித்தனத்தையும் சூழ்ச்சியையும் கைவிடச் சொல்லும் வரி. இரு பள்ளிகளுக்கும் பகை முற்றிய பிறகு யாரோ வரியைக் கூர்மையாக்கியிருக்க வேண்டும். உண்மையான விமர்சனம் 38-இல் இருக்கிறது: தாவோ தொலைந்தபின் தே, தே தொலைந்தபின் மனிதநேயம், அது தொலைந்தபின் நீதி, அதுவும் தொலைந்தபின் சடங்கு. சடங்குக்காரர் வணக்கம் சொல்கிறார். பதில் வணக்கம் வராவிட்டால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கையைப் பிடித்து இழுக்கிறார். அந்தக் கிண்டல் இன்றும் சுடுகிறது.

கேள்வி: சுவாங்ட்சுவின் பட்டாம்பூச்சிக் கனவு, உலகம் மாயை என்பதைத்தானே சொல்கிறது?

கனவில் பட்டாம்பூச்சியாகப் பறந்தார். விழித்தபின், பட்டாம்பூச்சியாகக் கனவு கண்ட சுவாங்ட்சுவா, சுவாங்ட்சுவாகக் கனவு காணும் பட்டாம்பூச்சியா என்று தெரியவில்லை. பகிரப்படும் கதை இங்கே முடிந்துவிடும். மூலத்தில் இன்னும் இரண்டு வாக்கியம் இருக்கிறது: சுவாங்ட்சுவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஏதோ ஒரு வேறுபாடு இருந்தே ஆக வேண்டும், இதற்குப் ‘பொருள்களின் உருமாற்றம்’ என்று பெயர். ஆக, ஒன்று பொய், மற்றது மெய் என்ற பிரிவுக்கே அவர் போகவில்லை. இரண்டும் மெய், ஒன்று மற்றொன்றாகிறது. பட்டாம்பூச்சியாக இருக்கும்போது அது முழுமையாகப் பட்டாம்பூச்சி.

அதே இரண்டாம் அத்தியாயத்தில் குரங்குக்காரர் காலையில் மூன்று, மாலையில் நான்கு என்று கொட்டை தருவதாகச் சொல்ல, குரங்குகள் சினக்கின்றன. காலையில் நான்கு, மாலையில் மூன்று என்றதும் மகிழ்கின்றன. குரங்குகளைப் பார்த்துச் சிரிப்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். குரங்குக்காரரைப் பாருங்கள்: மொத்தம் ஏழு என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லாததால், எந்த வரிசைக்கும் வளைந்துகொடுக்க அவரால் முடிகிறது.

கேள்வி: யின்-யாங் வட்டச் சின்னத்தை வரைந்தவர் லாவோட்சுவா?

இல்லை. தாவோ தே ஜிங்கில் யின், யாங் என்ற சொற்கள் ஒரே ஓர் இடத்தில், 42-ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. அந்தச் சொற்கள் தாவோயிஸ்டுகளின் தனிச்சொத்தும் இல்லை, பல பள்ளிகளும் பயன்படுத்தின. கருப்பு வெள்ளை சுழலும் படம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் பிந்தையது.

கேள்வி: தியானமுறை ஏதாவது இருக்கிறதா? வீட்டிலேயே செய்யலாமா?

மூன்று இடங்களில் குறிப்புகள் கிடைக்கின்றன. ‘குவான்ட்சு’ என்ற தொகுப்பில் உள்ள ‘நெய்யே’ என்ற சிறிய செய்யுள், இந்த வகையில் மிகப் பழையது, கி.மு. நான்காம் நூற்றாண்டு என்பது பரவலான கணிப்பு. உடலை நேராக வை, கைகால்களை ஒழுங்காக வை, மனத்தை அமைதியாக்கு, நுண்மூச்சு தானே வந்து தங்கும் என்கிறது. சாப்பாட்டுக்கும் அளவு சொல்கிறது: மிகுதியாக உண்டால் உடல் கெடும், மிகக் குறைத்தால் எலும்பு வறண்டு இரத்தம் உறையும், நடுநிலையே இணக்கம். வயிறு நிறைந்தால் சுறுசுறுப்பாக நட, இல்லாவிட்டால் மூச்சு கைகால் நுனிக்குப் போகாது. கோபத்தை நிறுத்தப் பாட்டும் துயரத்தைப் போக்க இசையும் சிறந்தவை. எளிய, நிதானமான அறிவுரை.

இரண்டாவது, சுவாங்ட்சு நான்காம் அத்தியாயத்தின் ‘மன விரதம்’. கன்பூசியஸின் சீடர் யான் ஹுய், கொடுங்கோல் ஆட்சியாளன் ஒருவனைத் திருத்தக் கிளம்புகிறார். போனால் தண்டனைதான் கிடைக்கும் என்கிறார் ஆசான். சீடர் ஒவ்வொரு உத்தியாகச் சொல்லச் சொல்ல, அவை தள்ளப்படுகின்றன. ‘விரதம் இரு’ என்றதும், ‘நான் ஏழை, பல மாதமாக மதுவும் இறைச்சியும் தொடவில்லை, அதுதானே விரதம்?’ என்கிறார். அது பலிபூசைக்கான விரதம், மனவிரதம் வேறு: காதால் கேட்காதே, மனத்தால் கேள், மனத்தாலும் கேட்காதே, மூச்சால் கேள். காது ஒலியோடு நின்றுவிடும். மனம், தான் ஏற்கெனவே வைத்திருக்கும் முடிவுகளோடு பொருந்துவதோடு நின்றுவிடும். மூச்சு காலியாக இருந்து எதிரில் உள்ளதுக்காகக் காத்திருக்கும். ஆபத்தான வேலைக்குப் போகிறவருக்கான தயாரிப்பு இது என்பதை மறக்க வேண்டாம். வலியப் பேச வேண்டிய சந்திப்புக்கு முன், சொல்லப்போகும் வாதங்களை வரிசையாக ஒத்திகை பார்ப்பதை நிறுத்திவிட்டு, எதிரில் இருப்பவர் என்ன நிலையில் இருக்கிறார் என்று முதலில் கேட்பதுதான் இன்றைக்கு இதைச் செய்து பார்க்க நேர்வழி.

மூன்றாவது, ஆறாம் அத்தியாயத்தின் ‘அமர்ந்து மறத்தல்’. யான் ஹுய் முதலில் மனிதநேயத்தையும் நீதியையும், பிறகு சடங்கையும் இசையையும் மறந்ததாகச் சொல்கிறார். ஆசான் இரண்டு முறையும் ‘நல்லது, இன்னும் போதாது’ என்கிறார். உடலையும் அறிவையும் விட்டதாகச் சொன்னபோதுதான் ஆசானே சீடராகத் தயாராகிறார். சறுக்கல் எங்கே என்றால், ‘நான் மறந்துகொண்டிருக்கிறேன்’ என்ற கணக்கு மனதில் ஓடுவதில். நீண்ட ஆயுளுக்காகக் கரடிபோல் தொங்கி, பறவைபோல் நீட்டி மூச்சுப் பயில்பவர்களை 15-ஆம் அத்தியாயம் தன் இலட்சிய மனிதருக்குக் கீழான படியில்தான் வைக்கிறது.

கேள்வி: பயனற்ற மரம் வெட்டப்படாமல் பிழைக்கிறது என்கிறார் சுவாங்ட்சு. அப்படியென்றால் திறமையை வளர்க்கவே வேண்டாமா?

இதே கேள்வியை அவருடைய சீடர்களே கேட்டுவிட்டார்கள். 20-ஆம் அத்தியாயம்: மலையில் பெரிய மரம், மரவெட்டி தொடவில்லை, எதற்கும் உதவாது என்கிறான். அன்று இரவு நண்பர் வீட்டில் தங்குகிறார்கள். விருந்துக்கு ஒரு வாத்தை அறுக்க வேண்டும். கத்தத் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று, எதை அறுக்கட்டும் என்று பையன் கேட்கிறான். கத்தத் தெரியாததை என்கிறார் வீட்டுக்காரர். மறுநாள் சீடர்கள் மடக்குகிறார்கள்: உதவாததால் மரம் பிழைத்தது, உதவாததால் வாத்து செத்தது, நீங்கள் எங்கே நிற்பீர்கள்? சுவாங்ட்சு சிரித்துக்கொண்டே, இரண்டுக்கும் நடுவில் நிற்பேன் என்கிறார். உடனே, அதுவும் சரியானதுபோல் தோன்றும், சரியில்லை, தொல்லை விடாது என்று தானே வெட்டிவிட்டு, ஒரு நேரம் டிராகன், ஒரு நேரம் பாம்பு, காலத்தோடு மாறி, ஒரே நிலையில் ஒட்டாமல் இருப்பதைச் சொல்கிறார். ‘பயனற்றிரு’ என்பதையே விதியாக்கிக்கொண்டவர் அந்த வாத்து.

கேள்வி: எந்த மொழிபெயர்ப்பை வாங்குவது? இணையத்தில் வரும் லாவோட்சு பொன்மொழிகளை நம்பலாமா?

‘கவலைப்பட்டால் எதிர்காலத்தில் வாழ்கிறாய், மனம் சோர்ந்தால் கடந்தகாலத்தில் வாழ்கிறாய்’ என்பது தாவோ தே ஜிங்கில் எங்குமே இல்லை. மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்ற வாசகமும் இல்லை. ஆயிரம் லி (சீனத் தூர அளவு) பயணம் காலடியிலிருந்து தொடங்குகிறது என்பது உண்டு, 64-இல். அத்தியாய எண் தராத மேற்கோளைச் சந்தேகியுங்கள்.

புத்தகத்தை வாங்கும் முன் நான்கு இடங்களைப் புரட்டுங்கள். 5-இல் வைக்கோல் நாய் இருக்கிறதா? 11-இல் முப்பது ஆரம் இருக்கிறதா? 60-இல் சிறு மீன்? 65-இன் சங்கடமான வரி மென்மையாக்கப்படாமல் இருக்கிறதா? இவற்றில் இரண்டு காணாமல் போயிருந்தால் அது மொழிபெயர்ப்பு அல்ல, மொழிபெயர்ப்பாளரின் சொந்தக் கவிதை. எந்த மூலத்தைப் பின்பற்றியது என்று முன்னுரையில் இருக்க வேண்டும். இருபத்துமூன்று வயதில் கி.பி. 249-இல் இறந்துவிட்ட வாங் பியின் உரையோடு வரும் பாடத்தைத்தான் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. மாவாங்துய், குவோடியன் வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டுபவை சிறந்தவை. சுவாங்ட்சுவைப் பொறுத்தவரை, இன்றைய 33 அத்தியாயங்கள் கி.பி. 312-இல் இறந்த குவோ சியாங் தொகுத்தவை; ஹான் காலப் பட்டியலில் 52 இருந்தன. முதல் ஏழு ‘உள் அத்தியாயங்கள்’. சுவாங்ட்சுவின் கைக்கு மிக நெருக்கமானவை என்று பொதுவாகக் கருதப்படுபவை இவைதாம். சுருக்கப் பதிப்பாக இருந்தால் அந்த ஏழும் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். படிக்கும்போது மூன்றாவதில் தொடங்கி, நான்கு, ஒன்று என்று போய், 17 முதல் 20 வரை உலாவிவிட்டு, இரண்டாவதைக் கடைசியாக எடுங்கள். அது அவ்வளவு கடினம். அதற்கு மட்டும் அடிக்குறிப்பு நிறைந்த இன்னொரு பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.